திமிங்கலத்தின் வயிற்றில் மூன்று ஜன்னல்கள்

சுவர் என்பது பெரிய காகிதம், அவ்வளவுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எழுபதுகளின் தொடக்கம். தியாகராய நகரில் கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் மாமனாருக்கு அது ஒரு தொழிலாகவே படவில்லை.

"மாப்ளே, ஏணியில நின்னு பெயிண்ட் அடிக்கிறவருக்குப் பொண்ணைக் குடுத்திருக்கேன்னு ஊர்ல சொல்ல முடியல. பேசாம கடைக்கு வந்து சேலை மடிங்க" என்பார்.

அந்த நேரம் பார்த்து மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, ஒன்றாம் வகுப்பின் வெளிச்சுவரில் கடல் வரையச் சொன்னார். நன்றாக வந்தால் பிரார்த்தனைக் கூடத்துச் சுவரும் எனக்குத்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாரிடம் போய், "அந்த ரெண்டாவது சுவர் கிடைக்கலேன்னா தீபாவளிக்கு உங்க கடையில சேலை மடிக்கிறேன்" என்று மார்தட்டினேன். அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே திமிங்கலம். நடுவில் மூன்று ஜன்னல்கள், மரக்கதவுகள் சாத்தியிருந்தன. காகிதத்தில் ஜன்னல் ஏது? கதவு, சட்டம், இடுக்கு என்று பார்க்காமல் எனாமல் பெயிண்டை வாரிப் பூசினேன். பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கு ஏக சந்தோஷம்.

"இன்னா சைஸு சார் இது. நம்ம சாந்தோம் கடல்ல மாட்டினா வலையே பிஞ்சிடும்."

பள்ளி திறந்த அன்று, இஸ்திரி போட்ட சட்டையில் பாராட்டு வாங்கப் போய் நின்றேன். ஒன்றாம் வகுப்புப் புதுப் பிள்ளைகள் அம்மாக்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். டீச்சர் வகுப்புக்குள்ளிருந்து ஜன்னலைத் தள்ளினார். திமிங்கலம் அசையவில்லை. அடுத்த ஜன்னலைத் தள்ளினார், அதுவும் அப்படியே. விளக்கில்லாத வகுப்பு, உள்ளே கும்மிருட்டு. வாசலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் இன்னும் ஒரு சுருதி ஏற்றினார்கள்.

தலைமையாசிரியை என்னிடம் வந்தார். "ஏன் சார், ஜன்னலையும் சேர்த்தா ஒட்டிட்டேள்? கொழந்தைகள் எது வழியா மூச்சு விடும்?"

"கொஞ்சம் காய்ஞ்சா சரியாயிடும் மேடம்" என்றேன். காய்ந்ததுதான் பிரச்சினையே.

நைசாக நழுவலாம் என்று பார்த்தால் காவலாளி கேட்டைப் பூட்டியிருந்தார். சேலையை முதலில் நீளவாட்டில் மடிப்பதா அகலவாட்டிலா என்று மனம் ஒத்திகையே பார்க்கத் தொடங்கிவிட்டது.

காவலாளி உளியும் சுத்தியலுமாக வந்தார். "சார், மீனுக்கு ஆபரேசன் பண்ணிடலாமா?"

"பண்ணுப்பா" என்றேன், செத்த குரலில்.

இடுக்கு இடுக்காகத் தட்டினார். பெயிண்ட் பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. கதவுகள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் திறந்துகொள்ள, என் திமிங்கலத்தின் வயிற்றில் மூன்று சதுர ஓட்டைகள். நடு ஓட்டையில் டீச்சர், முகமெல்லாம் வியர்வை.

அழுதுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை விக்கலோடு நிறுத்தியது. "அம்மா, மீனு டீச்சரை முழுங்கிடுச்சு."

டீச்சர் கெட்டிக்காரி. உள்ளேயிருந்து கையாட்டினார். "ஆமா, இங்கே இடம் நிறைய இருக்கு. யார் யார் வர்றீங்க?"

முந்தானைகள் விடுபட்டன. மழை விட்டது போல அழுகை நின்றது. சற்று நேரத்தில் மூன்று ஓட்டைகளிலும் தலை தலையாக முளைத்து, அம்மாக்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று பிரார்த்தனைக் கூடத்துப் பக்கம் போனார். போன வேகத்தில் என்னிடம் திரும்பி வந்தார்.

"பிரார்த்தனைக் கூடத்துச் சுவர்ல ஜன்னல் கிடையாது. இப்பதான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். நாளைக்கு ஆரம்பிச்சுடுங்கோ."

நான் வரைந்த திமிங்கலத்தை மாலையில் ஜன்னல்களைச் சாத்திய பிறகுதான் முழுதாகப் பார்க்க முடிந்தது. அந்தத் தீபாவளிக்கு நான் சேலை மடிக்கவில்லை.