சேது பூட்டிய பிரேக்

என் தங்கை புஷ்பவள்ளியின் கணவன் சேது ஒரு திருகாணிப் பைத்தியம். புக்கிட் ரோத்தான் கோயில் மண்டபத்தில் தாலி கட்ட உட்கார்ந்தவன், மணவறை ஆடுகிறது என்று ஐயரை நிறுத்திவிட்டு ஸ்பேனர் கேட்டான். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து, சுபாங் விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனிக்குப் பிரேக் பூட்டப் போனவன். பூட்டியதை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டான்.

1984 நவம்பரில் அவன் பிரேக் மாற்றிய விமானம், மறுநாளே வெளியூரில் அடைமழையில் இறங்கி, நிற்காமல் ஓடுபாதையைத் தாண்டிச் சேற்றில் போய்ப் புதைந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்று விமானி எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சேதுவை அனுப்பிவிட்டார்கள். குற்றம் பிரேக்கில் என்று முடிந்தால் வேலை போகும். அதைவிட, அப்புறம் எவனும் அவன் கையை நம்பமாட்டான்.

ஒன்பது நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக் கதவுக் கீல்களையெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"மூணு தடவ தொட்டுப் பாத்தேன் மச்சான். ஆனா அந்த பைலட்டும் பொய் சொல்ற ஆளில்ல. விட்டு விட்டு மிதிச்சும் நிக்கலன்னாராம்."

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற எனக்குப் பிரேக் பேச்சு வந்தால் வாய் நிற்காது.

"சரியாத்தானே செஞ்சிருக்காரு மாப்ள! ஈர ரோட்டுல அப்படித்தான் மிதிக்கணும். ஒரேயடியா அமுக்குனா லோரி வழுக்கி ரோட்டோர பாரிட்டுப் பள்ளத்துக்குள்ள போயிரும்லா!"

சேது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவர்கள் விமானத்தில் அப்படி இல்லையாம். சக்கரம் வழுக்காமல் தானே விட்டு விட்டுப் பிடிக்கும் கருவி அதில் இருக்கிறதாம். விமானி மிதித்தபடியே இருக்க வேண்டும். நடுவில் காலை எடுத்தால் கருவி வேலை செய்யாது, விமானம் பாட்டுக்கு ஓடும்.

விசாரணையில் அனுமதி வாங்கி அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: நடுவில் காலை எடுத்தீர்களா? எடுத்தேன் என்றார் விமானி. பதற்றத்தில் கால் கார் ஓட்டும் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டதாம். நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். பிரித்துப் பார்த்த பிரேக்கிலும் ஒரு குறையும் இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது நான் மார்தட்டினேன். "என்னாலதானே தப்பிச்ச?"

"ஆமா மச்சான். ஆனா நீங்க மட்டும் பிளேன் ஓட்டப் போயிறாதீங்க."

வாயில் வந்தபடி ஏசியிருப்பேன். அதற்குள் அவன் தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் சோறு போடு, புஷ்பா."

என் தங்கை கரண்டியோடு அடுப்பைப் பார்த்துத் திரும்பி அழுதாள். நானும்தான்.