நிற்காத பந்து

திண்டிவனம் கம்ப்யூட்டர் சென்டரில் எங்களுக்குப் புரோகிராமிங் நடத்திய சார், மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைத்துத் தின்றுகொண்டே பாடம் சொல்வார். தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அன்று திரையில் ஸ்பிரிங்கில் ஒரு பந்தைத் தொங்கவிட்டிருந்தேன். இழுக்கும் விசையைத் திசையோடு சேர்த்து வெக்டராகச் சரியாகவே கூட்டியிருந்தேன். வேகத்தைத் தணிக்கும் புரோகிராம் வரியை மட்டும் மறந்துவிட்டேன். பந்து ஓயாமல் மேலும் கீழும் ஆடியது.

"பந்து நிக்கிற வரைக்கும் நீயும் நில்லு," என்றார்.

"ஒரு வரிதான் சார், போட்டுடறேன்."

"கீபோர்ட தொடாத."

விழுப்புரம் போகும் என் பஸ் போய்விட்டது. கால் கடுத்தது. திடீரென்று கரண்ட் போய்த் திரை அணைந்தது. உட்காரப் போனேன்.

"யாரு உக்காரச் சொன்னது? கரண்டுதான போச்சு, பந்து நின்னுச்சா?"

வகுப்பே சிரித்தது. பிறகு இருட்டில் மல்லாட்டை உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

கரண்ட் வந்ததும் அவரே எழுந்து வந்து என் புரோகிராமை மறுபடி ஓடவிட்டார். பந்து பழையபடி ஆடியது, நான் நின்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.