கோட்டுக்கு அப்பால் விழுந்த மான்

கனடாவின் பிறம்ரனில் என்னோடு ஒரே களஞ்சியத்தில் வேலை செய்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அவர். ஒடிசலான உடம்பில் செம்மஞ்சள் வேட்டைச் சட்டை கொடியில் காய்வதுபோலத் தொங்கும். எந்தக் காணிக்குள்ளும் கால் வைக்கும் முன், கையிலுள்ள ஜிபிஎஸ் கருவியைப் பெருவிரலால் துடைத்து, அதில் தெரியும் சொந்தக்காரனின் பெயரை வாய்விட்டு வாசிப்பார்.

இலங்கையில் போர் முடிந்த வருடத்து நவம்பரில், ரொறன்ரோவுக்கு வடக்கே என்னையும் வேட்டைக்குக் கூட்டிப்போனார். அனுமதி வாங்கிய காணியில் நின்று அவர் சுட்ட மான், ஓடிப்போய் அடுத்தவன் காணிக்குள் விழுந்து செத்தது. இருபது அடிதான். நடுவில் வேலிகூட இல்லை. கருவியில் மட்டும் ஒரு கோடு.

அவர் துவக்கைக் காரில் பூட்டிவிட்டு, அந்தக் காணிக்காரனின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். என் வீட்டில் மனைவி மான் கறிக்கு மிளகாய்த்தூள்கூட எடுத்து வைத்திருந்தாள்.

"ஆரண்ணை பாக்கப்போறான்? இழுத்துக்கொண்டு வருவம்" என்றேன்.

"அது அவன்ரை காணி, தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரிலை உங்கட காணிக்குள்ளை ஆமி முகாம் போட்டுக்கொண்டு இருக்கிறான். உங்களைக் கேட்டே போட்டவன்?"

"கேக்கேல்லை. அதாலைதான் நான் போய்க் கேட்டனான்."

மானின் மேல் பனி கொட்டத் தொடங்கியது. அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம். கதவைச் சாத்தியவனின் முகம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. அவர் மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.