பைட்டுக்குள் அடங்காத முந்நூறு

அசெம்ப்ளர் எழுதிப் பிழைப்பவருக்கு நல்ல பெயரே கிடையாது: தப்பைக் கண்டுகொள்ளாவிட்டால் மட்டமான சாமான் என்பார்கள், கண்டுபிடித்தால் நேற்று வரை இல்லாத தப்பை நாம்தான் உண்டாக்கினோம் என்பார்கள். பழைய புரோகிராமோடு குடித்தனம் நடத்துகிறவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காக ஒரு வரி: மனிதர் எழுதும் கட்டளையை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவதுதான் அசெம்ப்ளர்.

நேற்று வரை ஓடியது

2014 வாக்கில் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து பக்கத்து ஊரான வடக்குத்துக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. நானும் எட்வினும்தான் அதன் மொத்த மூளை. பக்கத்துத் தனியார் யார்டில் நிலக்கரியை உடைத்து, பெல்ட்டில் ஏற்றி லாரிக்கு அனுப்புவார்கள். பெல்ட்டை ஓட்டும் புரோகிராம் ரொம்பப் பழசு. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது. அவர் வைத்திருந்த அசெம்ப்ளர் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை என்று எங்களைப் புதிதாக ஒன்று எழுதச் சொன்னார்கள்.

எட்வின் அதில் ஆசை ஆசையாகக் கண்டிப்பான சோதனைகளைச் சேர்த்தான். யார்டு புரோகிராமைக் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்பாகத் தப்புகள் கொட்டின. யார்டின் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் ராஜவேலு, குறிஞ்சிப்பாடிக்காரர், அதிர்ந்து பேசாதவர். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நேத்து வரைக்கும் ஓடிக்கினு இருந்துச்சுங்க மேடம். இது தப்புன்னா, அப்ப ஓடினது எதுங்க?"

மஞ்சள் எழுத்து

எனக்கும் எட்வினுக்கும் சண்டை. தப்பென்றால் நிறுத்தத்தான் வேண்டும் என்பது அவன் கட்சி. ஓடுகிற யார்டை நிறுத்த நாம் யார் என்பது என் கட்சி. கடைசியில் சமரசம்: பழைய புரோகிராம் என்றால் அசெம்ப்ளர் நிறுத்தாமல் மாற்றித் தரும், சந்தேகமான வரிகளை மஞ்சளில் காட்டி எச்சரிக்கும். சில வாரம் கழித்து அந்த எச்சரிக்கைகளைப் பார்த்தீர்களா என்று ராஜவேலுவிடம் கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "சிவப்புன்னா பயந்திருப்பேங்க. மஞ்சள் மங்களகரமாச்சேன்னு வுட்டுட்டேன்."

முந்நூறு

அவரை நொந்து பயனில்லை என்று நானே உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலும் சாதுவான வரிகள். ஒன்று மட்டும் அப்படியில்லை. பெல்ட் கிளம்புமுன் சைரன் அடிக்கும். அடியில் சிந்திய கரியை அள்ளுகிறவர்கள் வெளியே வருவதற்காக. எவ்வளவு நேரம் என்ற இடத்தில் முந்நூறு என்று எழுதியிருந்தது. நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு, ஆக முப்பது நொடி. ஆனால் எண்ணை வைக்கும் சின்ன அறையான ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. பழைய அசெம்ப்ளர் மூச்சுக் காட்டாமல் பூஜ்யத்தையும் சேர்த்து ஒரு சுற்றான இருநூற்று ஐம்பத்தாறைக் கழித்துவிட்டு, மிச்சம் நாற்பத்து நான்கைப் போட்டிருந்தது. நாலரை நொடிகூட இல்லை. பழசுக்கு மரியாதை என்று நாங்களும் அதையே பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்திருந்தோம்.

சைரன் என்றைக்கும் அவ்வளவுதானே அடிக்கும் என்றார் ராஜவேலு. ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் வீணாகுமே என்று யார்டு முதலாளி முனகினார். மாற்றாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்வின் நூற்றைம்பதை இரண்டு தடவை எண்ண வைத்துச் சரிசெய்தான்.

பெல்ட்டடியில் கரி அள்ளும் செல்வியிடம் நானே போய், சைரன் இனி முப்பது நொடி அடிக்கும், இத்தனை நாளும் கணக்கில் தப்பு இருந்தது என்று சொன்னேன். முன்பொரு தடவை பெல்ட் இழுத்ததில் அவர் முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. "அது தப்புங்களா? எனக்குத்தான் வேகமா வரத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எங்கள் அசெம்ப்ளர் பழைய புரோகிராம்களின் எத்தனையோ கோணல்களை இன்றும் பொறுத்துக்கொள்கிறது, பைட்டை மீறிய எண்ணைக் கண்டால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. அதற்காக வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டும் திட்டும் எந்தப் பைட்டிலும் அடங்காது.