கிளம்பும்போது கேட்கக் கூடாத கேள்வி

நான் புராடக்ட் மேனேஜர் ஆகிவிட்டேன் என்று சொன்னதும், சேந்தமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மா, "என்ன சாமி, சோப்பு விக்கறயா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். எங்கள் கம்பெனி லாரிக்காரர்கள் லோடு பிடிப்பதற்கு ஒரு செயலி வைத்திருக்கிறது. அதில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று முடிவு சொல்வது என் வேலை. "அப்ப நீதான் மொதலாளியா?" என்றார். அதுவும் இல்லை. டிரைவர்களும் திட்டுவார்கள், கம்பெனியும் திட்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொன்ன பிறகுதான் பெரியம்மாவுக்கு விளங்கியது.

சேலம் பைபாஸில், ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். டிரைவர்களின் புகாரை போனில் கேட்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவள் நான். தலைமை அலுவலகம் பெங்களூரில். அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கிரவுண்ட். லாரி விஷயம் எது வந்தாலும் "கிரவுண்டைக் கேளுங்க" என்பார்கள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தரை என்று பெயர் வைத்தால் மிதிக்கத்தானே செய்வார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் பிரிவின் தலைவர் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்த வேலையை எல்லாம் நான் பார்த்தேன். நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. கம்பெனியைத் தொடங்கிய முதலாளியிடம் நேராகவே கேட்டேன். "கிரவுண்ட்ல நீங்க பிரமாதம். ஆனா லீடர்ஷிப் வேற. மீட்டிங்ல அந்த 'ங்க'வைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, தயங்குற மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. எங்கள் பக்கம் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். அடுத்த மீட்டிங்கில் இன்னும் நாலைந்து சேர்த்தே பேசினேன்.

அந்தச் சமயத்தில்தான் பொத்தான் பிரச்சினை வந்தது. லாரி புறப்படும்போது டிரைவர் செயலியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நாமக்கல் டிரைவர்கள் யாரும் புறப்படும் இடத்தில் அழுத்துவதில்லை. ஊர் எல்லை தாண்டி, முதல் டீக்கடையில் நிறுத்தி அழுத்தினார்கள். நேரத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று பெங்களூரில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இனி அப்படிச் செய்பவர்களுக்கு லோடு கடைசியாகத்தான் காட்டப்படும், அதைச் செயலியில் கொண்டு வா என்று எனக்கு உத்தரவு. முடியாதுங்க என்றேன்.

காரணம் திரையிலேயே இருந்தது. பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் "எங்கே போகிறீர்கள்?" என்று போட்டிருந்தார்கள். எழுதியவர் தன் வாழ்நாளில் யாரையும் வழியனுப்பியதில்லை போலிருக்கிறது. வாசல் தாண்டிக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். தப்பித்தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். சந்தைக்குப் போகிறவருக்கே இப்படி. கற்பூரம் சுற்றி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அஸ்ஸாமுக்கு வண்டி எடுப்பவர் அந்தக் கேள்வியைத் தன் கையாலேயே திறப்பாரா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று பெங்களூரில் ஒருவர் சிரித்தபடி கேட்டார். "வண்டி ஓட்டறது நானுங்களா?" என்று திருப்பிக் கேட்டேன்.

லோடு எந்த ஊருக்கு என்பது புக்கிங்கின்போதே எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியே தண்டம். அதை எடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்று மட்டும் போட வைத்தேன். சில நாட்களிலேயே டிரைவர்கள் புறப்படும் இடத்திலேயே அழுத்தத் தொடங்கினார்கள். தண்டனைத் திட்டத்தைத் தூக்கிப் போட்டார்கள். மீட்டிங்கில் முதலாளி என்னைப் பாராட்டிக் கைதட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள், புதுத் தலைவர் வெளியிலிருந்து வருகிறார், அவருக்கு நான்தான் எல்லாம் கற்றுத்தர வேண்டும் என்றார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

நான் பிடிகொடுக்கவில்லை. அடுத்த மாதம் என்னைச் சமாதானப்படுத்த முதலாளியே சேலம் வந்தார். துணைத் தலைவர் பதவி தருகிறேன் என்றார்.

"வாரவருக்கு நான் சொல்லித் தரமாட்டேனுங்க. சொல்லித் தர்ற அளவுக்கு எனக்குத் தெரியும்னா, அந்த எடம் எனக்குத்தானுங்க."

"கொஞ்சம் டைம் குடுங்க. அவசரப்படாதீங்க."

இந்த வேலையே வேண்டாம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கையில் வேறு வேலை இல்லை. பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கதவைத் திறந்தேன்.

"எங்க போறீங்க?" என்றார்.

திரும்பினேன். "கெளம்பறப்ப அதக் கேக்கக் கூடாதுங்க. போன மாசந்தானுங்க சொன்னேன்."

வழக்கம் வழக்கம்தான். வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு மடக்குக் குடித்தேன். குடித்து முடித்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். ஜன்னல் வழியே பைபாஸைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார்.

"சரி. தலைவர் நீங்கதான். ஆனா பெங்களூர் வந்துடணும்."

"வரலீங்க. இங்கிருந்தே பாத்துக்கறேனுங்க" என்றேன்.

அதற்கும் அவர் சரி என்று சொல்லும்வரை நான் பாட்டிலை மூடவில்லை.