உயிரோடு இருப்பவருக்கு மூன்று மாலை

போன சனிக்கிழமை ஸ்ரீராம்புரத்தில் ஒரு மனிதரைச் சாகடித்தோம். ஒரு கம்ப்யூட்டருக்காக. பதறாதீர்கள், ஆள் நலமாகத்தான் இருக்கிறார்.

கவிதா எங்கள் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங். பி.காம். முடித்தவள். தினமும் மாடி முழுக்க கம்ப்யூட்டர்களைத் துடைக்கிறாள். துடைக்கலாம், தட்டக்கூடாது — அதுதான் ரூல். அவளுக்கு ஒரு கம்பெனியிலிருந்து டேட்டா என்ட்ரி வேலைக்கு டெஸ்ட் வந்தது. ஆன்லைன் டெஸ்ட். போனில் எழுதக்கூடாதாம், கேமரா வைத்த கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம். அதாவது, முதலில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். பிறகு அந்த வேலைக்கு டெஸ்ட் எழுத வேண்டும். எந்த மடையன் யோசித்தானோ!

உன் லேப்டாப்பைக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அது என்னுடையதா? ஆபீசுடையது. அதில் ஒரு புது சாப்ட்வேர் போட மூன்று மேனேஜர்கள் ஓகே சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டர்? எல்லாம் ஜெராக்ஸ் கடையாகி, இப்போது மோமோ கடையாகிவிட்டன.

மிச்சம் இருந்தது, ஸ்ரீராம்புரத்தில் அவள் தெருச் சங்கத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர். ஒரு தொழிலதிபர் தானமாகக் கொடுத்தது. வாசலில் 'எல்லோருக்கும் கம்ப்யூட்டர்' என்று போர்டு. கவிதாவோடு உள்ளே போனால் கீபோர்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மானிட்டரை இரும்புச் சங்கிலியால் சுவரோடு கட்டியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் பொதுவானது சார். ஒருத்தர் தொட்டா இன்னொருத்தர் கேப்பாங்க. அதான் யாரையும் தொட விடறதில்லை" என்றார் சங்கத் தலைவர் முனிராஜ்.

நான் கத்திய கத்தலில் கம்ப்யூட்டரைத் தொட அனுமதி கிடைத்தது.

கவிதா உட்கார்ந்தாள். கேமரா செக். திரையில் சிவப்பு எழுத்து: 'உங்களுடன் இன்னொருவர் இருக்கிறார்.' வேடிக்கை பார்த்த எல்லோரையும் வெளியே துரத்தினேன். மறுபடியும் அதே சிவப்பு. இன்னொரு முறை தோற்றால் டெஸ்டே ரத்தாம்.

யார் அந்த இன்னொருவர்? திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால், சுவரில், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் தானம் கொடுத்த தொழிலதிபர். ஆளுயர போட்டோ!

"கழட்டுங்கய்யா அதை."

"ஐயோ, அது மட்டும் ஆகாது சார். சாரோட கண்டிஷனே அதான். போட்டோவை எடுத்தா கம்ப்யூட்டரையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"துண்டு போட்டு மூடுங்க."

"பெரிய மனுஷன் மூஞ்சில துண்டா? சும்னே பேஜார் பண்ணாதீங்க சார்" என்றார் முனிராஜ், பாதி கன்னடத்தில்.

மேசையைத் திருப்பலாம் என்றால் சங்கிலி. கவிதா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். டெஸ்ட் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அண்ணா... மாலை போட்டா மரியாதைதானே?" என்றாள்.

முனிராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கறவர் போட்டோவுக்கு மாலையா? அபசகுனம்மா!"

"அப்ப நான் கடைசி வரைக்கும் மாப்பு புடிச்சுட்டே இருக்கட்டுமா? சொல்லுங்கண்ணா, போயிடறேன்."

அவர் போட்டோவைப் பார்த்தார். கவிதாவைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"சரி, போடு. ஆனா நல்ல மாலையா போடும்மா. கஞ்சத்தனம் பண்ணா அவர் கோச்சுப்பாரு."

எதிர் பூக்கடையிலிருந்து மூன்று சாமந்தி மாலைகள் வந்தன. குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியதில் முகம் மறைந்து, ஒரு காது மட்டும் தெரிந்தது. நல்லவேளை, காதை அந்த சாப்ட்வேர் ஆளாகக் கணக்கெடுக்கவில்லை. பச்சை எழுத்து வந்தது. கவிதா பிளாஸ்டிக் உறையைச் சர்ரென்று கிழித்துப் போட்டுவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். அப்படி ஒரு வேகத்தை எங்கள் ஆபீசில் நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியாக மாலையைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் ஆட்டோ ஸ்டாண்டில் 'கண்ணீர் அஞ்சலி' ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. இரண்டு பேர் வந்து, எடுப்பு எத்தனை மணிக்கு என்று முனிராஜிடம் விசாரித்தார்கள். கவிதா முதல் ரவுண்டில் பாஸ் என்று மெசேஜ் வந்த அதே நேரம், தொழிலதிபரின் ஆபீசிலிருந்து போன். முனிராஜ் எழுந்து நின்றே பேசினார்.

"சார் நல்லா இருக்காரா? ரொம்ப சந்தோஷங்க... தப்பா எடுத்துக்காதீங்க. மாலையை இப்பவே எடுத்துடறோம்."

போனை வைத்துவிட்டு அவர் ஸ்டூலைத் தூக்கினார். கவிதா குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, வியாழக்கிழமை ரெண்டாவது ரவுண்டு இருக்கு."

முனிராஜ் மாலைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சரி... சார் வியாழன் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."