உராய்வைக் கழிக்காமல் விட முடியாதவள்

வெறும் மேல்தொட்டிக்குள் தண்ணீர் விழத் தொடங்கும் முதல் சத்தம், யாரோ மத்தளத்தைத் தட்டிப் பார்ப்பது போல இருக்கும். கேட்டதும் இரண்டு வருடத்துக்கு முந்தைய காலைகள் எனக்குள் இறங்கும். துடியலூர் வீட்டுச் சமையல்மேடை, தோசைமாவு ஒட்டிய நோட்டு, ஆறிப்போன காபி, தொட்டிக்கு மோட்டாரைப் போட்ட கையோடு எழுதுவதும் அடிப்பதுமாக என் மனைவி.

பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. கல்யாணத்தால் விட்டுப்போன டிப்ளமோவில் இயற்பியல் தாள் மட்டும் பாக்கி நின்றது. அது தேறினால்தான் சூப்பர்வைசர் நாற்காலி. பழைய ஆட்களும் எழுதலாம் என்று அறிவிப்பு வந்ததும் எழுதினாள். இரண்டு தடவை கோட்டை விட்டாள்.

எனக்கு இயற்பியல் தெரியாது. ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. விடைகள் இருக்கும் கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சரிபார்ப்பது மட்டும் என் வேலை.

இருபது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. தரையைத் தொடும்போது வேகம் என்ன? உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றலெல்லாம் வேகமாக மாறவேண்டும். புத்தகத்தில் விடை இருபது. அவள் எழுதியது பதினாறு புள்ளி ஏழு. சாய்தளத்தில் சறுக்கும் பெட்டி, ஊசலாடும் குண்டு, எதைப் போட்டாலும் அவளுக்குக் குறைந்தே வந்தது. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. ஒவ்வொரு கணக்கிலும் முப்பது சதவீத ஆற்றலை உராய்வுக்கென்று தானாகவே கழித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மோட்டாருங்க குடிச்ச கரண்ட முழுசாத் தண்ணியாக் குடுக்குது? நான் பாத்ததில்லீங்க" என்றாள்.

உராய்வைப் புறக்கணிக்கவும் என்று கேள்வியிலேயே போட்டிருக்கிறதே என்றேன். போட்டவர் ஒரு பம்பையாவது கழற்றிப் பார்த்திருப்பாரா என்று கேட்டாள். விழுவதற்கு முன்பே கல்லுக்குள் வேகம் தூங்குகிறது என்று நான் ஏதோ கவித்துவமாக ஆரம்பிக்க, தோசை கருகுகிறது, திருப்பிப் போடுங்கள் என்றாள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மத்தியானம் வீடு திரும்பியவள், பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் நோட்டை எடுத்தாள். அதே கல், அதே உயரம். விடை இருபது. எப்படி என்றேன்.

"பந்தியில பேச்சுவார்த்த இல்லாத பங்காளி நமக்கு நேர் எதுக்கால உக்காந்திருந்தாருங்கல்ல. அவரு இல்லைன்னா சொன்னோம்? இருந்தாரு, நாம கண்டுக்கல. உராய்வும் அப்படித்தானுங்க."

அன்று பத்துக் கணக்கில் ஒன்பது சரியாக வந்தது. ஒரு கல் முழு வேகத்தோடு தரைக்கு வருவதைப் பார்க்க இத்தனை சந்தோஷமா! நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் இன்னும் நாலு நடை கூடுதலாக நடந்தேன்.

தேர்வு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவளுடைய பாதி வயதுப் பிள்ளைகள் கும்பலாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஹால் டிக்கெட்டை இரண்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏனுங்க, இந்தத் தடவையும் போச்சுன்னா, நாலாவது தடவைக்கும் நீங்கதான் கூட்டிட்டு வரோணும்."

"வாரேன் கண்ணு. மொதல்ல இத எழுதிப்போட்டு வா."

"செரிங்க" என்றாள்.